மெலாந்திரிக் குடாவில் ஏறிய தண்ணீர்

அத்தியாயம் 9

"சித்தி, ஒரு சந்தேகம்" என்றான் திராசோஸ். "செருப்பைக் கழட்டிப் போடக் கூடை வச்சிருக்கான். மூளையைக் கழட்டி வைக்க வேற கூடை உண்டா?"

"உனக்கு அது தேவைப்படாது. வாயை மூடிட்டு ஏறு" என்றாள் எவாந்தியா.

திராசோஸ் பலகையைப் பார்த்தான். கரைக்கும் பாய்ப்படகுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் கிடந்தது. கீழே கடல். அவன் லாரிசா சமவெளியில், கோதுமை வயலுக்கு நடுவே பிறந்தவன். முப்பத்தாறு வயது, இரண்டு விவாகரத்து, நீச்சல் தெரியாது. இந்த மூன்றாவது குறையை மட்டும் அவன் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. சித்தி துறைமுகக் காவலில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். இவன் உதவியாளன். சம்பளத்தைவிட வசவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

மணி இரண்டு. நாலு மணிக் கப்பலில் மீனவர் ஜெராசிமோசுக்கு விலங்கு மாட்டி எதிர்க்கரைச் சிறைக்கு அனுப்பப் போகிறார்கள். போனால் வழக்கு கூப்பிடவே ஒன்றரை வருஷம் ஆகும். சித்தியை அமர்த்திய அவர் மனைவி தியமந்தினா காலையிலிருந்து துறைமுக அலுவலக வாசலில், புருஷனின் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குற்றம் இதுதான். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வாங்கெலிஸ் என்ற மீனவரின் படகை ஏதோ ஒன்று இடித்துப் பிளந்துவிட்டது. ஒரு ரப்பர் உருளையைக் கட்டிப்பிடித்து மிதந்தவரை ஒன்பது மணிக்குத்தான் தூக்கினார்கள். இன்று மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. முந்தின சனிக்கிழமை, வலை போடும் இடத்துக்கான தகராறில், காபிக்கடையில் இருபது பேர் கேட்க "உன் படகை உடைச்சு விறகாக்குறேன்டா" என்று கத்தியவர் ஜெராசிமோஸ். திங்கள் விடியலில் அவரும் தனியாகக் கடலில் இருந்தார். துறைமுக அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்தும் எதுவும் அந்த மனிதருக்குப் போதும்.

அந்த உருளை அலுவலக மூலையில் கிடந்ததைப் பார்த்தவள் எவாந்தியா. படகும் படகும் உரசாமல் இருக்க விலாவில் தொங்கவிடும் காற்றடைத்த உருளை. பளபளவென்று வெள்ளை. பாசி துளிகூட இல்லை.

"மிதந்து வந்திருக்கும்" என்றார் அதிகாரி.

"நம்மூர் மீனவன் பழைய டயரைத்தான் கட்டுவான். இதை வாங்குற காசுக்கு ஒரு வாரம் குடிப்பான்" என்றாள் எவாந்தியா. அதிகாரி தோளைக் குலுக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை இந்தக் கலோலிமானித் துறைமுகத்துக்குள் வந்த பாய்ப்படகு ஒன்றே ஒன்றுதான். அதில்தான் இப்போது இருவரும் வெறுங்காலோடு ஏறினார்கள்.

பிரான்சில் சான் மாலோ என்ற ஊர்க் குடும்பம் அது. ஒரு வருஷம் விடுப்பு எடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றி வருகிறார்கள். மார்செய், கோர்சிகா, சிசிலி என்று ஒவ்வொரு கரையிலும் இறங்கி, சாப்பிட்டு, குறை சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். குடும்பத் தலைவன் தாங்கி ல கொசியு. ஐம்பது வயது, தலையில் தங்கச் சரிகை வைத்த தொப்பி. மனைவி சோலென், மெலிந்த உதடு, மடியில் பின்னல் வேலை. மகள் நோல்வென், பதினேழு வயது. மேல்தளத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, வாங்க. எங்க ஊரு உப்பு வெண்ணெய் பிஸ்கட், எடுத்துக்குங்க" என்றான் தாங்கி. "இங்க கிடைக்கிறதெல்லாம் வாயில வைக்க முடியல."

எவாந்தியாவுக்குப் பிரெஞ்சு சரளம். திராசோசுக்குச் சாப்பிடவும் வம்பு பேசவும் போதுமான அளவுக்குத் தெரியும். மூன்று பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

"ஒரு மீனவர் படகு உடைஞ்சு போச்சு" என்றாள் எவாந்தியா, அப்பாவி மாதிரி. "வழக்கமான விசாரணைதான். துறைமுகத்துல இருக்கிற எல்லாரையும் கேக்கறோம்."

"கேள்விப்பட்டோம். பாவம். ஆனா இந்தக் கடல்ல எப்படிங்க படகு உடையும்? இதெல்லாம் ஒரு கடலா? குளிக்கிற தொட்டி! எங்க ஊர்ல சின்னப் பசங்க இதுல பொம்மை விடுவாங்க."

"அப்ப நீங்க குளிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா சார்?" என்றான் திராசோஸ், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

எவாந்தியா அவன் வெறுங்காலை மிதித்தாள்.

"உங்க படகு உருளை எதுவும் காணாமப் போகலையே?"

"எண்ணிப் பாருங்க, எட்டும் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் என் மனைவி கையாலயே உறை பின்னியிருக்கா."

திராசோஸ் எண்ணினான். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கம்பளி உறைக்குள் நாலு அந்தப் பக்கம், நாலு இந்தப் பக்கம். ரப்பருக்கு ஸ்வெட்டர். தன் முதல் மனைவி தனக்கு ஒரு கைக்குட்டைகூட மடித்துத் தந்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"திங்கட்கிழமை காலைல அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

தாங்கி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல எழுந்து, தோல் அட்டை போட்ட பயணக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தான். "நாங்க எழுதி வைக்கிற குடும்பம் மேடம். உங்க ஆளுங்க மாதிரி இல்ல. என் மனைவி பன்னிரண்டு வருஷம் பாய்ப்படகுப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ."

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. எவாந்தியா சத்தமாகப் படித்தாள்: "திங்கள். இரவு முழுதும் மெலாந்திரிக் குடாவில் நங்கூரம். காலை 5.00, குடா வாயில் மணல் திட்டின் மேல் தண்ணீர் போதவில்லை. காத்திருந்தோம். 8.30, தண்ணீர் ஏறியது. திட்டைத் தாண்டி வெளியே வந்தோம்."

இரண்டாம் முறை மனதுக்குள் படித்தாள்.

"எவ்வளவு ஏறுச்சு?"

"ஒன்றரை மீட்டர்" என்றாள் சோலென், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அடேயப்பா. என்ன ஒழுங்கு, என்ன கையெழுத்து! இதை நான் நகல் எடுத்துக்கறேன். நீங்க மூணு பேரும் கீழே ஒரு கையெழுத்து போட்டுட்டா, இனிமே உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

தாங்கி கையெழுத்துப் போட்டு, அடியில் 'கேப்டன்' என்றும் எழுதினான். சோலென் போட்டாள். நோல்வென் காகிதத்தைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள்.

"எனக்குத் தலை வலிக்குது" என்றாள்.

"வயசு அப்படி" என்று சிரித்தான் தாங்கி. "எதுக்கெடுத்தாலும் முரண்டு."

கரைக்கு வந்ததும் திராசோஸ் பொரிந்து தள்ளினான். "முடிஞ்சுது! உருளை எட்டும் இருக்கு. குடாவுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தவங்க எப்படி வெளியே வந்து இடிப்பாங்க? போதாததுக்கு நீயே அவங்களுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துட்டு வர்றே. தியமந்தினா முகத்துல எப்படி முழிக்கப் போறோம்?"

எவாந்தியா மூலைச் சாப்பாட்டுக்கடைக்குப் போய், கடலோரம் போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்து, இரண்டு காபி சொன்னாள். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம். தூரத்தில் நாலு மணிக் கப்பலின் புகை தெரிந்தது.

"காபியா? இப்பவா? ஒருத்தனைச் சிறைக்கு அனுப்பிட்டு?"

"இந்த மேஜை எத்தனை வருஷமா இங்க இருக்கு தெரியுமா?"

"மேஜைக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போறோமா?"

"நான் கல்யாணம் பண்ணினப்போ இருந்தே இங்கதான் இருக்கு. தண்ணி எங்க இருக்கு பாரு."

திராசோஸ் பார்த்தான். மேஜைக் காலிலிருந்து ஒரு சாண் கீழே தண்ணீர் சோம்பேறித்தனமாகக் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

"காலைல நாம இங்க ரொட்டி சாப்பிட்டப்போ?"

"அங்கதான் இருந்துச்சு."

"நேத்து ராத்திரி?"

"அங்கயேதான்."

"கரைச் சுவத்துல பாசிக்கோடு பாரு. என் கை அகலம் இருக்குமா? இந்தக் கடல் அவ்வளவுதான்டா ஏறி இறங்கும். ஒன்றரை மீட்டர் ஏறினா, இந்தக் கடைக்காரர் மீனைப் பொரிச்சு மீனுக்கே பரிமாற வேண்டியதுதான்."

திராசோசின் கையில் காபிக் கோப்பை பாதியில் நின்றது.

"அவங்க ஊர்ல அப்படி இல்ல" என்றாள் எவாந்தியா. "சான் மாலோவுல கடல் தினம் ரெண்டு தடவை நாலு மாடி உயரத்துக்கு ஏறி இறங்கும். படகு சேத்துல படுத்துக்கிடக்கும், தண்ணி வந்தாத்தான் எழுந்திருக்கும். அங்க ஒருத்தன் நேரத்துக்குக் கிளம்பலைன்னா ஒரே காரணம்தான் சொல்லுவான், தண்ணி ஏறலைன்னு. அந்தம்மா பன்னிரண்டு வருஷம் பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கா. உண்மையை எழுதணும்னா கண்ணு போதும். பொய் எழுதப் பழக்கம்தான் கை கொடுக்கும். அந்தப் பழக்கத்தை அவ ஊர்லேர்ந்தே கட்டி எடுத்துட்டு வந்துட்டா."

"குளிக்கிற தொட்டின்னு சொன்னானே சித்தி! தொட்டில தண்ணி தானா ஏறுமான்னு யோசிக்கல பாரு!" திராசோஸ் மேஜையைத் தட்டினான். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. இந்தக் கேப்டன் புளுகு மூணு நாளே தாங்கலையே!"

"காபியைக் குடி. பொய் சொன்னாங்கன்னுதான் தெரியும். இடிச்சாங்கன்னு இன்னும் தெரியாது. அதுக்கு ஒரு ஆள் வேணும்." அவள் எழுந்தாள். "கையெழுத்துப் போடாத ஆள்."

மறுபடி செருப்புக் கூடை. மறுபடி பலகை. இந்த முறை எவாந்தியா பலகையின் நடுவில் நின்றபடியே பேசினாள். திராசோஸ் அவளுக்குப் பின்னால், கீழே பார்க்காமல், வானத்தைப் பார்த்தபடி நின்றான்.

"கேப்டன், ஒரு சின்னச் சிக்கல். மெலாந்திரிக் குடாவுல ஒன்றரை மீட்டர் தண்ணி ஏறினதா உலகத்துலயே நீங்க மூணு பேருதான் பார்த்திருக்கீங்க. நாங்க மூவாயிரம் வருஷமா பார்க்கல."

தாங்கி வாயைத் திறந்தான். கரைச் சுவரில் இருந்த பாசிக்கோட்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சிசிலியில் இருந்து இங்கே வரை இரண்டு மாதமாக அவன் கண்ணெதிரிலேயே இருந்த தண்ணீரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"எழுதினது நான் இல்ல" என்றான் உடனே. "அவ எழுதினது."

சோலென் ஊசியை மடியில் வைத்தாள். "கையெழுத்துப் போட்டது நீ. 'கேப்டன்'னு வேற போட்டே."

"ஆகா! எட்டு மாசம் பாய் விரிச்சு ஒண்ணா வந்த குடும்பம்" என்று தனக்குள் முணுமுணுத்தான் திராசோஸ். "எட்டு நொடியில கரை ஒதுங்கிடுச்சு."

தாங்கி தொப்பியைக் கழற்றினான். குரல் தழைந்தது. "சரி மேடம். ஒளிக்கல. நாங்க வெளியே கடல்லதான் இருந்தோம். ஆனா அப்ப சுக்கான் பிடிச்சது நான் இல்ல. பொண்ணு. பாவம், அனுபவம் இல்ல, இருட்டு. அவ சின்னப் பொண்ணு, பதினெட்டு ஆகல. சட்டம் பெரிசா ஒண்ணும் பண்ணாது, இல்லையா? அதான் மூடி மறைச்சோம். பெத்தவங்க இல்லையா நாங்க?"

நோல்வென் தலையைத் தூக்கவில்லை. முழங்காலைக் கட்டியிருந்த கை மட்டும் இறுகியது. அந்தப் பழியைச் சுமக்க அவள் தயாராகவே இருந்தாள் என்பது திராசோசுக்குப் புரிந்தது. தான் பெற்ற பெண் தலையில் தன் பழியைக் கட்டுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவனுக்குத் தெரிந்த எந்த வசவும் போதவில்லை. அவனுக்குத் தெரிந்த வசவுகளோ ஏராளம்.

அந்த நேரம் பார்த்து சித்தியின் முழங்கை அவன் விலாவில் இடித்தது.

லேசான இடி இல்லை. திராசோஸ் கையை விரித்து, காற்றைப் பிடித்து, அது கிடைக்காமல், அருகில் தொங்கிய கோடு போட்ட உருளையைக் கட்டிப்பிடித்தான். ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் கை அமுங்கி உள்ளே போனது. மெத்து மெத்தென்று இருந்தது. முடிச்சு அவிழ்ந்து உறையோடு அவன் கடலுக்குள் போனான்.

தண்ணீர் வாய்க்குள், மூக்குக்குள், காதுக்குள் புகுந்தது. மேலே வந்தான். "நீச்சல்..." என்று தொடங்கினான், மீதியைக் கடல் முழுங்கியது. கட்டிப்பிடித்திருந்த உருளையும் அவனோடு சேர்ந்து அமிழ்ந்துகொண்டிருந்தது. மறுபடி மேலே வந்தபோது தாங்கி வாய் பிளந்து நிற்பது தெரிந்தது. சோலென் உட்கார்ந்தே இருந்தாள்.

தலைக்கு மேல் ஏதோ பறந்து வந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. பிடித்தான். உண்மையான ரப்பர். இது மிதந்தது. கயிற்றின் மறுமுனையில் நோல்வென், தளத்தில் மண்டியிட்டு, இரு கையாலும் அவனை இழுத்துக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்தவள் எப்போது எழுந்தாள், எப்போது அவிழ்த்தாள், எப்போது எறிந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் படி விளிம்பைப் பிடித்து இருமும்போது, எவாந்தியா குனிந்து, தண்ணீரில் ஊறிக் கிடந்த கோடு போட்ட உறையை இழுத்து எடுத்துப் பிதுக்கினாள். உள்ளேயிருந்து ஒரு தலையணை எட்டிப் பார்த்தது.

"எட்டாவது உருளை" என்றாள். பிறகு நோல்வென் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அன்றைக்கு முதன்முறையாக மென்மையானது. "திங்கட்கிழமையும் இப்படித்தானே எறிஞ்சே?"

"நோல்வென், வாயைத் திறக்காதே" என்றாள் சோலென்.

"சுக்கானைப் பிடிச்சிருக்கிற ஆள் அதை விட்டுட்டு உருளை எறிய முடியாது கண்ணு. எறிஞ்சது நீ. அப்ப சுக்கான்ல யாரு?"

அந்தப் பெண் தன் கையைப் பார்த்தாள். கயிறு உராய்ந்து சிவந்திருந்தது.

"நான் கீழே தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். "சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அப்பா சுக்கான் பக்கத்துல. அவரும் தூங்கியிருக்காரு, படகு தானா ஓடிட்டு இருந்திருக்கு. பின்னாடி அந்த ஆளு கத்திட்டு இருந்தாரு. திருப்புங்க திருப்புங்கன்னு நான் கத்தினேன். அம்மா சொன்னாங்க, நின்னா பயணம் முடிஞ்சிடும், போங்கன்னு. அப்பா எஞ்சினை முழுசாத் தட்டிவிட்டாரு. உறை எல்லாம் துவைச்சுக் காயப்போட்டிருந்தேன், உருளை வெறுமனே இருந்துச்சு. கைக்குக் கிடைச்சதை எறிஞ்சேன். பிடிச்சாரான்னு கூடத் தெரியல. இருட்டா இருந்துச்சு, தூரம் ஆயிடுச்சு."

"பிடிச்சாரு" என்றான் திராசோஸ், இருமலுக்கு நடுவே. "நாலு மணி நேரம் பிடிச்சிருந்தாரும்மா."

தாங்கி தொப்பியை மறுபடி தலையில் வைத்தான், அது இன்னும் எதற்கோ உதவும் என்பதுபோல. "இது ஒரு விபத்து. எங்க ஊர்ல என்னை எல்லாருக்கும் தெரியும். நான் தூதரகத்தோட பேசணும்."

"பேசுங்க" என்றாள் எவாந்தியா. "மிதக்கிற ஒரு ஆளை விட்டுட்டுப் போறதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க. இங்க அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரை உங்க பொண்ணு முன்னாடி நான் சொல்லப் போறதில்ல."

நோல்வென் எழுந்து பலகையில் நடந்தாள். செருப்புக் கூடையைத் தாண்டி வெறுங்காலோடு கரையில் இறங்கினாள். சோலென் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை.

துறைமுக அலுவலகத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது கப்பல் கரையணைந்திருந்தது. ஜெராசிமோசைக் கையில் விலங்கோடு நாற்காலியிலிருந்து எழுப்பியிருந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட வந்த திராசோசைப் பார்த்து அதிகாரி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். எவாந்தியா தலையணையை அவர் மேஜையில் போட்டாள்.

"உட்காருங்க, எழுதுங்க. நீங்க மூணு நாளா யோசிக்காததை இந்தப் பொண்ணு சொல்லப் போறா."

நோல்வென் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். எவாந்தியா மொழிபெயர்த்தாள். சுக்கானில் இருந்தவரின் பெயர் என்று கேட்டபோது சொன்னாள். உனக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். "அப்பா" என்றாள்.

கப்பல் ஊதியது. அதிகாரி சாவியை எடுத்து ஜெராசிமோசின் விலங்கைக் கழற்றினார், மன்னிப்புக் கேட்காமல். வாசலில் தியமந்தினா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, புருஷனைக் கட்டிக்கொள்வதற்கு முன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். இனிமே காபிக்கடையில் வாயைத் திறப்பியா என்று அழுதுகொண்டே கேட்டாள்.

நோல்வென் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் திராசோசைப் பார்த்தாள்.

"தண்ணில மிதந்த அந்த ஆளோட பேரு என்ன?"

மூன்று நாளில் அந்தப் படகில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சித்தியும் தானும் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோதுகூட அவர்கள் கேட்கவில்லை என்பது திராசோசுக்கு இப்போதுதான் உறைத்தது.

"வாங்கெலிஸ்" என்றான்.

அவள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள்.